அம்பயர் தேர்வு: எல்பிடபிள்யூவைத் தாண்டியும் படிக்க வேண்டும்

மாநிலக் கிரிக்கெட் சங்கத்தின் அம்பயர் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் முதலில் கேட்பது "எல்பிடபிள்யூவிலிருந்து நிறைய வருமா?" என்பதுதான். வரும். ஆனால் விதிப் புத்தகத்தில் எல்பிடபிள்யூவைச் சொல்லும் விதி 36-ஐ எல்லோருமே கரைத்துக் குடித்துவிட்டுத்தான் வருகிறார்கள், அதில் பெரிதாக யாரும் கோட்டைவிடுவதில்லை. ஆள் சறுக்குவது 2, 31, 41, 42 ஆகிய விதிகளில். அம்பயரின் கடமைகள், அப்பீல் (அவுட் கேட்டு முறையிடுவது), முறையற்ற ஆட்டம், வீரர்களின் நடத்தை எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. "நடத்தை தானே, பொது அறிவை வைத்துச் சமாளித்துவிடலாம்" என்று நினைத்து அந்தப் பக்கங்களை மேலோட்டமாகப் புரட்டிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.

இந்த விதிகளில் முடிவைச் சொன்னால் பாதி மதிப்பெண்தான். யாரைக் கூப்பிட வேண்டும், யாரிடம் எந்த வரிசையில் சொல்ல வேண்டும், பிறகு யாருக்கு அறிக்கை தர வேண்டும் என்பதில்தான் மீதி இருக்கிறது.

நான் எழுதியபோது எழுத்துத் தேர்வு, செய்முறை, வைவா (வாய்மொழித் தேர்வு) மூன்றும் இருந்தன. வைவாவில் வந்த ஒரு கேள்வி: "கீப்பர் கேட்ச். நீங்கள் அவுட் கொடுத்துவிட்டீர்கள். பேட்ஸ்மேன் போகாமல் மட்டையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு தலையை ஆட்டுகிறார். என்ன செய்வீர்கள்?" முதல் விஷயம், அவரோடு வாதத்தில் இறங்கக் கூடாது, ஏன் அவுட் என்று விளக்கவும் கூடாது. பிறகு பார்ட்னரோடு, அதாவது கூட நிற்கும் இன்னொரு அம்பயரோடு பேசி, இது விதி 42-இல் எந்த நிலைக் குற்றம் என்று முடிவு செய்ய வேண்டும். சொல்லாலோ செயலாலோ எதிர்ப்புக் காட்டுவது முதல் நிலை. தேவைப்பட்டால் 'டைம்' சொல்லி ஆட்டத்தை நிறுத்திவிட்டு, இரண்டு அம்பயர்களும் சேர்ந்து அந்த அணியின் கேப்டனை அழைத்து, முதலும் கடைசியுமான எச்சரிக்கையைத் தர வேண்டும். உடனே அடுத்த கேள்வி வந்தது: "சரி, ஒரு மணி நேரம் கழித்து அதே அணியில் வேறொருவர் அதையே செய்தால்?" இங்கேதான் பலர் "அவருக்கும் ஓர் எச்சரிக்கை" என்று சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள். அந்த எச்சரிக்கை ஆட்டம் முடியும்வரை மொத்த அணிக்கும் சேர்த்துத்தான். அடுத்து யார் செய்தாலும் எதிரணிக்கு 5 பெனால்டி ரன். அதன் பிறகு அறிக்கை. அறிக்கை என்ற வார்த்தை உங்கள் பதிலில் வராவிட்டால், தேர்வாளர் பேனாவைக் கையில் பிடித்தபடியே காத்திருப்பார்.

பெனால்டி ரன்னுக்கான சைகையையும் இதோடு சேர்த்துப் படித்துவிடுங்கள். பேட்டிங் அணிக்கு என்றால் எதிர்த் தோளைக் கையால் திரும்பத் திரும்பத் தட்ட வேண்டும். ஃபீல்டிங் அணிக்கு என்றால் எதிர்த் தோளில் கையை வைத்தால் போதும். செய்முறைத் தேர்வில் சைகை அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, ஸ்கோரர் கையைத் தூக்கிக் காட்டும்வரை நீங்கள் காத்திருக்கிறீர்களா என்றுதான் கவனிப்பார்கள். ஒவ்வொரு சைகைக்கும் ஸ்கோரரின் பதில் வந்த பிறகே ஆட்டம் தொடர வேண்டும் என்று விதி 2 சொல்கிறது.

பிசிசிஐ 2022 ஜூலையில் அகமதாபாத்தில் நடத்திய தேர்வில் 140 பேரில் 3 பேர்தான் தேறினார்கள் என்று பத்திரிகைகளில் வந்தது. அதில் ஒரு கேள்வி: பெவிலியன், மரம் அல்லது ஃபீல்டரின் நிழல் பிட்ச்சில் விழுகிறது என்று பேட்ஸ்மேன் புகார் சொன்னால் என்ன செய்வீர்கள்? பெவிலியன் நிழலுக்கும் மர நிழலுக்கும் நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஃபீல்டரை மட்டும் அசையாமல் நிற்கச் சொல்ல வேண்டும், அசைந்தால் டெட் பால், அதாவது அந்தப் பந்து கணக்கில் இல்லை. புத்தகத்தில் இது அப்படியே ஒரு வரியாகக் கிடைக்காது. எது உங்கள் வேலை, எது உங்கள் வேலை இல்லை என்று தெளிவாக இருந்தால் பதில் தானாக வரும்.

நடந்த ஆட்டங்களை வைத்துக் கேட்பதும் உண்டு. 2023 நவம்பர் 6, டெல்லி உலகக் கோப்பை ஆட்டம். இலங்கையின் ஏஞ்சலோ மேத்யூஸ் ஹெல்மெட் பட்டை அறுந்து நிற்கிறார், வங்கதேசக் கேப்டன் ஷகிப் அல் ஹசன் டைம்டு அவுட் (புதிய பேட்ஸ்மேன் உரிய நேரத்துக்குள் ஆடத் தயாராகாவிட்டால் தரும் அவுட்) கேட்கிறார். உண்மையாகவே கேட்கிறீர்களா என்று அம்பயர் தன்னிடம் கேட்டதாக ஷகிப் பின்னர் சொன்னார். அதற்கு மேல் அம்பயரால் ஒன்றும் செய்ய முடியாது. அப்பீலை வாபஸ் வாங்குவது ஃபீல்டிங் கேப்டனின் உரிமை. அதற்கும் அம்பயரின் சம்மதம் வேண்டும், அடுத்த பந்து ஆட்டத்துக்கு வருவதற்குள் நடக்கவும் வேண்டும். "பாவம், ஹெல்மெட்தானே" என்று வைவாவில் ஆரம்பித்தீர்களோ, போச்சு. கூடவே ஒரு பொறி: எம்சிசி (கிரிக்கெட் விதிகளை எழுதும் மெரில்போன் கிரிக்கெட் கிளப்) விதியில் நேரம் 3 நிமிடம், அந்த உலகக் கோப்பையின் ஆட்ட நிபந்தனையில் 2 நிமிடம். எதை வைத்துப் பதில் சொல்கிறீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

2006-இல் இங்கிலாந்தும் பாகிஸ்தானும் ஆடிய ஓவல் டெஸ்ட்டும் தேர்வாளர்களுக்குப் பிடித்த விஷயம். பாகிஸ்தான் அணி பந்தைச் சேதப்படுத்தியதாக அம்பயர்கள் டேரல் ஹேரும் பில்லி டாக்ட்ரோவும் இங்கிலாந்துக்கு 5 பெனால்டி ரன் கொடுத்தார்கள், தேநீர் இடைவேளைக்குப் பின் பாகிஸ்தான் அணி இறங்கவில்லை, அம்பயர்கள் பெயில்ஸை எடுத்து ஆட்டத்தை முடித்துவிட்டார்கள். விதிப்படி அது செல்லுமா என்று இன்றும் வாதிடலாம். என் கணக்கில் ஹேரைக் கவிழ்த்தது களத்தில் எடுத்த முடிவு இல்லை. 5 லட்சம் டாலர் தந்தால் விலகிக்கொள்கிறேன் என்று பிறகு ஐசிசிக்கு அனுப்பிய மின்னஞ்சல்தான். நேர்மையான அம்பயர் என்று வாதாட வந்தவர்களுக்கே அதற்கு மேல் பேச வாயில்லாமல் போயிற்று.

பணம், பரிசு பற்றிய கேள்விகளைச் சர்வதேச அம்பயர்களுக்கு மட்டுமானவை என்று நினைக்காதீர்கள். புக்கிகளிடம் (பந்தயச் சூதாட்டம் நடத்துபவர்களிடம்) விலையுயர்ந்த பரிசுகள் வாங்கியது உள்ளிட்ட குற்றங்களுக்காக பாகிஸ்தான் அம்பயர் ஆசாத் ரவூஃபுக்கு பிசிசிஐ 2016-இல் 5 ஆண்டு தடை விதித்தது. லீக் மட்டத்தில் அது வேறு முகத்தோடு வரும். "சார், வெயிலா இருக்கு, நம்ம கிளப் கார்லயே வந்துடுங்க" என்பார் செயலர். மரியாதையாக மறுத்துவிட்டு பஸ் பிடிப்பதுதான் பதில். இரண்டு அணிகளுக்கும் பொதுவாகச் சாப்பாடு வந்தால் சாப்பிடலாம், ஓர் அணியின் ஓய்வறையில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. அப்புறம், பார்ட்னர் கொடுத்த தீர்ப்பைப் பற்றி ஸ்கோரரிடம்கூட முணுமுணுக்காதீர்கள்.

ஆட்டம் தொடங்க 45 நிமிடம் முன்பாவது மைதானத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. தேர்வு நாளிலும் உங்கள் நேரம், ஷூ, தொப்பி எல்லாவற்றையும் கவனிப்பார்கள். கொடுத்த முடிவை மாற்றினால் கௌரவம் போய்விடும் என்று வைவாவில் சொல்பவர்களும் இருக்கிறார்கள். உடனடியாகச் செய்வதென்றால் மாற்றலாம் என்று விதி 2.12 தெளிவாகவே சொல்கிறது.

பழைய கைடு எதையும் இரவல் வாங்காதீர்கள். 2022 அக்டோபருக்கு முந்தையது என்றால் 'நான்-ஸ்ட்ரைக்கர்' (பந்துவீச்சாளர் முனையில் நிற்கும் பேட்ஸ்மேன்) ரன் அவுட் இன்னும் விதி 41-இல் இருக்கும், இப்போது அது 38. எச்சில் தொட்டுப் பந்தைத் துடைப்பதற்கான தடையும் அதில் இருக்காது. எம்சிசி தளத்தில் முழு விதிப் புத்தகம் இலவசமாகவே கிடைக்கிறது, அதையே வைத்துப் படியுங்கள்.