ஏரிக்கு ஒன்பது நாள்

ஜூன் 21, ஞாயிறு

முடிவு செய்தாயிற்று. சந்திரதால். இமாச்சலின் லாஹௌல்-ஸ்பிதியில், ஏறத்தாழ 4,250 மீட்டர் உயரத்தில், பிறை வடிவத்தில் கிடக்கும் ஏரி. போவது மூன்று பேர்: நான், தம்பி, அலுவலகத் தோழி. ஆளுக்குப் பன்னிரண்டாயிரம், அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது.

தம்பி ஜூலையிலேயே கிளம்பலாம் என்கிறான். 2023 ஜூலையில் அந்த ஏரியருகே பனியிலும் நிலச்சரிவிலும் ஏறத்தாழ முந்நூறு பேர் நாட்கணக்கில் சிக்கிக்கொண்ட செய்தியைத் தேடி எடுத்துக் காட்டினேன். “அப்போ செப்டம்பர்” என்றான் உடனே. செப்டம்பர் கடைசியில் கூடாரங்களைப் பிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். மிஞ்சுவது முதல் பாதி.

ஜூன் 24, புதன்

காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றி மேசைக்குக் கொண்டுவந்தேன். செப்டம்பர் 4, வெள்ளி, கிருஷ்ண ஜெயந்தி. 14, திங்கள், பிள்ளையார் சதுர்த்தி. நடுவில் ஐந்தே நாள் விடுப்பு போட்டால் போதும். வெள்ளி இரவு பத்து மணிக்குச் சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினால் ஞாயிறு காலை டெல்லி. 12ஆம் தேதி, சனி இரவு அங்கே ஏறினால் பிள்ளையார் சதுர்த்தியன்று காலை வீடு. கொழுக்கட்டைக்கு வந்துவிடலாம்.

விமானத்தில் போனால் மூன்று நாள் மிச்சமாகும். ஆனால் அந்தக் காசுக்கு இந்தப் பயணத்தையே முடித்துவிடலாம்.

11ஆம் தேதி அமாவாசை. “நிலா ஏரிக்கு அமாவாசைக்கா போவாங்க?” என்று அம்மா கேட்டார். நட்சத்திரம் பார்க்கத்தான் என்றேன். “அதை மொட்டை மாடியில பார்க்கக் கூடாதா?” சென்னை மொட்டை மாடியில் எனக்குத் தெரிந்தவரை ஏழு நட்சத்திரம்.

ஜூலை 1, புதன்

வாடகைக் கார் விசாரித்தோம். மணாலியிலிருந்து ஏரிக்குப் போய் ஒரு இரவு தங்கித் திரும்ப பதினாலாயிரம் சொன்னார் ஒருவர். மூன்றாகப் பிரித்தாலே வலிக்கும். வலித்தாலும் சரி என்று முடிவெடுத்த அன்றே தோழிக்கு விடுப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இரண்டால் வகுத்தால் ஏழாயிரம். கார் யோசனையை அத்தோடு விட்டோம்.

ஜூலை 6, திங்கள்

முன்பதிவு இப்போது அறுபது நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. அதாவது இன்று காலை எட்டு மணி. தம்பி ஒரு போன், நான் ஒரு போன். இருவருக்கும் ஸ்லீப்பர் கிடைத்தது. அவனுக்கு எஸ் 3, எனக்கு எஸ் 7. தனித்தனியாகப் போட்டதற்குத் தண்டனை. புளியோதரை யார் பெட்டியில் இருக்கும் என்பதுதான் அவனுடைய ஒரே கேள்வி.

ஜூலை 9, வியாழன்

இன்று முழுக்க வரைபடம். மணாலியிலிருந்து ஸ்பிதியிலுள்ள காசா ஊருக்குக் கோடையில் அரசுப் பேருந்து ஓடுகிறது. அடல் சுரங்கம், கோக்சர், கிராம்பு, சத்ரு, பாதல் வழியாகக் குன்சும் கணவாய் ஏறிப் போகும். நமக்குப் பாதலில் இறங்க வேண்டும். அங்கிருந்து ஏரிப் பக்கம் பிரியும் சாலை பதினான்கு கிலோமீட்டர். நடக்கலாம், ஆனால் அந்த உயரத்தில் பதினான்கு என்பது நம் பதினான்கு அல்ல. கூடாரக்காரர்களிடம் ஜீப் கேட்க வேண்டும்.

நடுவில் தங்க சிஸ்ஸு நல்ல ஊர் என்று எல்லோரும் சொல்வதை நம்பி அங்கே அறையும் பார்த்து வைத்திருந்தேன். சுரங்கத்தின் வடக்கு வாயிலில் வெளியே வந்தால் சிஸ்ஸு இடப்பக்கம். காசா பேருந்தோ வலப்பக்கம் கோக்சருக்குத் திரும்பிவிடும். நல்லவேளை, முன்பணம் கட்டவில்லை. கோக்சர் சிறிய ஊர், சாலையோர தாபாக்கள், வீட்டோடு சேர்ந்த சில அறைகள். உயரம் 3,100 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். எங்களுக்கு அது போதும்.

ஜூலை 14, செவ்வாய்

திரும்பும் டிக்கெட்டும் எடுத்தாயிற்று, இந்த முறை ஒரே பெட்டியில்.

தம்பி பழைய கூடாரம் ஒன்றை எங்கிருந்தோ இரவல் வாங்கி வந்திருக்கிறான், தங்கும் செலவே இல்லையாம். ஆனால் சந்திரதால் 2005 முதல் ராம்சர் என்னும் சர்வதேசப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள ஈரநிலம், கரையில் கூடாரம் போடக் கூடாது. முகாம்கள் எல்லாம் இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளித்தான். இரவுச் சாப்பாடும் காலைப் பலகாரமும் சேர்த்து ஆளுக்கு 1,800 பேசியிருக்கிறேன். கூடாரம் இப்போது பால்கனியில் விரித்துக் கிடக்கிறது, பூனை அதற்குள் தூங்குகிறது.

ஜூலை 26, ஞாயிறு

மருத்துவரிடம் போனோம். இத்தனை நாள் போட்ட கணக்கை ஐந்து நிமிடத்தில் கலைத்துவிட்டார்.

என் திட்டம் இது: திங்கள் மணாலி, செவ்வாய் கோக்சர், புதன் ஏரி, வியாழன் மணாலி. வெள்ளி சும்மா, சாலை அடைத்தால் கைகொடுக்க. மணாலி நம் கொடைக்கானல் உயரம்தான், அதில் சிக்கல் இல்லை. மூவாயிரம் மீட்டருக்கு மேல் போனால், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருப்பது நல்லது என்றார். கோக்சரிலிருந்து ஏரிக்கு ஒரே தாவலில் ஆயிரத்து நூறு. “கோக்சர்ல ரெண்டு ராத்திரியாவது இருங்க. தலைவலி, வாந்தின்னா மேல ஏறாதீங்க, இறங்குங்க.” தம்பி தினமும் நான்கு மாடி ஏறி இறங்கிப் பயிற்சி செய்வதைப் பெருமையாகச் சொன்னான். உடல் வலுவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஓடுகிற பிள்ளைகள்தான் அவசரப்பட்டு மாட்டிக்கொள்வார்கள் என்றார். சல்பா மருந்து ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டுவிட்டு, உயரத்தால் வரும் உபாதையைத் தடுக்க அசெட்டசோலமைட் மாத்திரை எழுதிக் கொடுத்தார். விரல் நுனி சுருசுருக்கும், அடிக்கடி சிறுநீர் போகும், பயப்பட வேண்டாமாம். பூஜ்ய டிகிரியில் கூடாரத்தை விட்டு எத்தனை முறை எழுந்து போவது என்று யோசித்தபடி வீடு வந்தேன்.

ஜூலை 27, திங்கள்

கையிருப்பில் ஒரே ஒரு நாள்தான். அதை ஏறும்போது செலவழித்தால் இறங்கும்போது கிடையாது. குலு-மணாலி சாலையைப் பியாஸ் ஆறு அடித்துப் போவது புதிதல்ல, 2023லும் 2025லும் பார்த்தோம். தம்பி வெள்ளிக்கிழமையைக் கடைசியிலேயே வைக்கச் சொல்கிறான்: “ட்ரெயினை விட்டா நாலாயிரம் போச்சுக்கா.” தலைவலி வந்தால் ஏரியே போச்சு என்றேன் நான். இரவு சாப்பாடு வரை பேச்சு வார்த்தை இல்லை.

காசு பற்றிய பயணம் என்றுதான் ஆரம்பித்தோம். இப்போது பணக் கணக்கை யாரும் திறப்பதே இல்லை. சண்டை எல்லாம் ஒரு வெள்ளிக்கிழமைக்குத்தான்.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

செவ்வாய், புதன் இரண்டு இரவும் கோக்சர். வியாழன் ஏரி. வெள்ளி இறங்கி அன்றிரவே டெல்லிப் பேருந்து. நான் வென்றேன் என்று சொல்ல முடியாது. வெள்ளி சாலை அடைத்தால் டிக்கெட் பணம் என் கணக்கில் என்று எழுதி வாங்கிக்கொண்டான். கோக்சரில் யாருக்காவது தலை கனத்தால் அங்கேயே இருந்துவிட்டு சந்திரா ஆற்றைப் பார்த்துத் திரும்புவது என்றும் பேசிக்கொண்டோம். ஏரித் தண்ணீரும் வழிந்து அந்த ஆற்றில்தான் சேருகிறது. அங்கிருந்து வருகிற தண்ணீரையாவது பார்த்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம், எனக்கு அது ஆறுதலாக இல்லை.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

சென்னை வெயிலில் கம்பளி உள்ளாடை தேடுவது தனி அனுபவம். “டிசம்பர்ல வாங்க மேடம்” என்றார் ஒரு கடைக்காரர், வாய்விட்டுச் சிரித்தபடி. கடைசியில் பெங்களூர் சித்தி பழைய ஸ்வெட்டர் நான்கு அனுப்பினார். பெரியப்பாவின் குரங்குக் குல்லா தம்பிக்கு.

ஆளுக்கு 9,800 வரை கணக்கு வந்திருக்கிறது. மீதி பாதலில் ஜீப்புக்கு. பணத்தை மணாலியிலேயே எடுத்துவிட வேண்டும்.

செப்டம்பர் 3, வியாழன்

அம்மாவிடம் ஏரியில் போன் எடுக்காது என்று இன்றுதான் சொன்னேன். வாணலிப் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, “எத்தனை நாள்?” என்றார். ஒன்றரை நாள் என்றேன், இரண்டு என்று சொல்ல வாய் வரவில்லை.

சீடை இன்றே பொரித்தாகிறது. அவற்றில் ஒன்று வெடித்ததால், அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தள்ளி நின்று பொரிக்கிறார். ஏழு நாள் கெடாது, அடுப்பு வேண்டாம், மணாலிக் கடைப் பிஸ்கட்டை விட மலிவு. இரண்டு கிலோ எடை என்பதுதான் குறை. அதற்காக ஒரு ஸ்வெட்டரை வெளியே எடுத்தேன், தம்பி அதைத் திரும்ப உள்ளே திணித்தான்.

நாளை சாயங்காலம் கிருஷ்ணருக்குப் படைக்கும்வரை டப்பாவைத் தொடக் கூடாது. பையை ஜிப் போடாமல் வாசல் ஓரம் சாய்த்து வைத்திருக்கிறேன்.