திருமணமும் வறுமையும்: சாட்ஸ்வொர்த்திலிருந்து

கல்யாணம் கட்டினால் கஷ்டம் தீரும் என்று, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இந்திய வம்சாவளியினர் வாழும் சாட்ஸ்வொர்த்தில் பெரியவர்கள் சொல்வதை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. ஏனெனில் டர்பன் அடங்கிய நேட்டாலில் சட்டமே ஒரு காலத்தில் குடும்பமாக வாழ்ந்தவர்களை ஏழையாக்கியது. 1895ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலியாக வந்து, ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமலும் மறு ஒப்பந்தம் செய்யாமலும் இருந்த தொழிலாளி ஆண்டுக்கு 3 பவுண்டு வரி கட்ட வேண்டியிருந்தது. ஒப்பந்தத்தின் முதலாண்டுக் கூலியோ மாதம் 10 ஷில்லிங், அதாவது வரி மட்டுமே ஆறு மாதக் கூலி. மனைவிக்கும் அதே 3 பவுண்டு, பிறகு 13 வயதான மகளுக்கும் 16 வயதான மகனுக்கும்கூட அது நீண்டது. 1913இல் கேப் மாகாண நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல் அளித்த தீர்ப்பு, பலதார மணத்தை அனுமதிக்கும் சமய முறைப்படி நடந்த திருமணங்களைச் செல்லாதவை என்றது. 1914ஆம் ஆண்டுச் சட்டம் வரியை நீக்கி, ஒரு மனைவியோடு வாழும் திருமணத்தை ஏற்றது.

இன்று அரசு தரும் குழந்தை உதவித்தொகையில் மணமானவர்களின் வருமானம் சேர்த்துப் பார்க்கப்பட்டாலும் அதைப் பெறுவதற்கான வருமான வரம்பும் இரட்டிப்பாகிறது. ஆகவே அங்கே திருமணம் தண்டனையாக அமையவில்லை. என் கவலையெல்லாம் கோயிலில் மட்டும் தாலி கட்டிக்கொண்டு பதிவு செய்யாத பெண்களைப் பற்றியது: கணவன் இறந்தால், தான் மனைவிதான் என்று நிரூபிக்க அவர்கள் நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கலாம். மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் கடன் வாங்கத் தயங்காத குடும்பங்கள், அதிகச் செலவில்லாத அந்தப் பதிவைத்தான் தள்ளிப்போடுகின்றன.