வைக்கோல் பிரியில் குத்திய பதினோரு மாதம்

எனக்கு வயது 36. திருச்சியில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கும் வேலை. நான்கு வருடமாக கோஜு-ரியூ கராத்தே. போன ஆடியில் திடீரென்று குத்தும் கையைக் கெட்டியாக இறுக்கிப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தது. மாஸ்டரிடம் கேட்டால், "முதல்ல மணிக்கட்டை நேரா வெச்சுக் குத்தப் பழகு, கை தானா இறுகும்" என்றார். நான் பாதியைத்தான் காதில் வாங்கினேன்.

கராத்தே பிறந்த ஜப்பானியத் தீவான ஒகினாவாவில் இதற்கென்றே இருப்பது மாகிவாரா. 'மாகி' என்றால் சுற்றுவது, 'வாரா' என்றால் வைக்கோல். தரையில் நட்ட பலகை, அதன் தலையில் வைக்கோல் கயிறு, அவ்வளவுதான். லால்குடி பக்கம் எங்கள் வீட்டுக் கொல்லையில் நடுவதற்காக 7 அடி தேக்குப் பலகை ஒன்றை ஆசாரியிடம் கொண்டுபோனேன்.

"அடியில 3 அங்குலம், நுனியில அரை அங்குலமா? இதை வெச்சு என்ன தம்பி பண்ணப்போற?"

"குத்தப்போறேன்ணே."

"யாரை?"

சிரித்துக்கொண்டேதான் இழைப்புளியை எடுத்தார். ஆனால் அந்தச் சரிவில்தான் விஷயமே இருக்கிறது. அடி கெட்டியாகவும் நுனி மெலிசாகவும் இருந்தால், குத்தும்போது பலகை பின்னால் வளைந்து கொடுத்து, பிறகு கையைத் திருப்பித் தள்ளும். அந்தத் தள்ளலுக்கு மணிக்கட்டு, தோள், இடுப்பு எல்லாம் பதில் சொல்ல வேண்டும். சுவரில் ஆணி அடித்து மாட்டும் அட்டைக்கு இந்த வளைவு கிடையாது. கொடுத்த விசை அப்படியே எலும்புக்குத் திரும்பி வரும். வாடகை வீட்டில் முதல் ஒரு மாதம் நான் செய்தது அதைத்தான். முழங்கை வரை வலி வந்ததும், கீழ்வீட்டில் 'டப் டப்' சத்தத்துக்குச் சண்டை வந்ததும்தான் மிச்சம்.

பலகையை இரண்டரை அடி ஆழத்தில் நட்டு, சுற்றிலும் கல் போட்டு இடித்தோம். முதலில் தேங்காய் நார்க் கயிறு சுற்றினேன். நான்கே நாளில் தோல் உரிந்துவிட்டது. கொல்லையில் நின்று பார்த்த மாமா, "வைக்கோல்னுதானே சொன்ன? பிரி திரிச்சாப் போச்சு" என்று உட்கார்ந்தார். வைக்கோல்போருக்குக் கட்டும் அதே பிரிதான். நாரைவிட மெத்தென்று இருந்தது.

கணக்கு இப்படி: வாரம் மூன்று நாள், கைக்கு 20 குத்து, பாதி பலத்தில். இடையில் ஓய்வு நாள் கட்டாயம். எலும்பு, தாங்கும் சுமைக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் என்று ஜெர்மன் மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-இலேயே எழுதிவிட்டார். டென்னிஸ்காரர்களுக்கு மட்டை பிடிக்கும் கையின் எலும்பு மற்றக் கையைவிடத் தடித்திருப்பதும் அதனால்தான். ஆனால் அது மாதக்கணக்கில் நடக்கிற வேலை. தோல் இரண்டு வாரத்தில் காய்த்துவிடும், எலும்பு அவ்வளவு சீக்கிரம் வராது. காய்ப்பைப் பார்த்துவிட்டுக் கை தயார் என்று நினைத்த இடத்தில்தான் நான் சறுக்கினேன்.

ஆறாவது வாரம். மச்சான் வீட்டுக்கு வந்திருந்தான். "காட்டுங்க மாமா" என்றான். காட்டினேன், முழு பலத்தில். மணிக்கட்டு லேசாக மடங்கி, சுண்டுவிரல் பக்கத்து முட்டி பலகையில் பட்டது. ராத்திரிக்குள் புறங்கை வீங்கிவிட்டது.

எக்ஸ்ரேயில் நல்லவேளை முறிவு இல்லை. எலும்பு டாக்டர் சொன்ன ஒரு விஷயத்தை நீங்களும் இப்போதே செய்து பார்க்கலாம். முஷ்டியை மடக்கி, மற்றக் கையால் ஆள்காட்டி விரல் முட்டியை அசைத்துப் பாருங்கள், அசையாது. சுண்டுவிரல் முட்டியை அசைத்தால் முன்னும் பின்னும் ஆடும். உள்ளங்கை எலும்புகளில் ஆள்காட்டி, நடுவிரலுடையவை அடியில் கெட்டியாகப் பூட்டியிருக்கின்றன, கடைசி இரண்டும் தளர்வு. அந்தத் தளர்ந்த சுண்டுவிரல் எலும்பின் கழுத்து முறிவதற்கு 'பாக்ஸர் முறிவு' என்றே பெயர். கராத்தேயில் ஆள்காட்டி, நடுவிரல் முட்டிகளால்தான் குத்த வேண்டும் என்று மாஸ்டர் நான்கு வருடமாகக் கத்துவதன் காரணம் எனக்கு அங்கேதான் உறைத்தது. முட்டிக்கு மேல் ஓடும் தசைநாரைப் பிடித்திருக்கும் பட்டை கிழிந்தால், விரல் மடக்கும்போது நார் பக்கவாட்டில் நழுவுமாம். மூன்று வாரம் பலகைப் பக்கமே போகவில்லை.

வீக்கம் வடிந்தபின் எனக்கு இன்னொரு புத்தி வந்தது. சீனத்து 'இரும்பு உள்ளங்கை' பயிற்சியில் பச்சைப்பயறு நிரப்பிய பையை அறைந்து தொடங்குவார்கள், பிறகு சரளை, அப்புறம் இரும்புக் குண்டு. ஒகினாவாவில் 'ஜாரி பாகோ' என்று சரளைப் பெட்டிக்குள் விரல்நுனியால் குத்துவார்கள். நான் இரண்டையும் கலந்து, பித்தளை அண்டாவில் நான்கு கிலோ பயறு கொட்டி விரலால் குத்த ஆரம்பித்தேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. ஒரு மாதத்தில் பயறு பாதி மாவாகிவிட்டது, மீதியில் வண்டு. என் விரல்நுனி மட்டும் நன்றாகத்தான் தடித்திருந்தது.

அப்புறம் ஒரு காலை, லேபில் ஒரு பாட்டி. ஒல்லிக் கை, வெளியே எதுவும் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாத நரம்பை விரல்நுனிதான் கண்டுபிடிக்கும், அழுத்தினால் மெத்தென்று உள்ளே போய் மறுபடி எழும்பும். என் இடது ஆள்காட்டி விரலுக்கு அது தட்டுப்படவே இல்லை. கையுறையைக் குறை சொல்ல முடியாது, பத்து வருடமாக அதே கையுறை. இரண்டு முறை குத்தியும் வரவில்லை. "பரவாயில்ல தம்பி, இன்னொரு தடவை பாரு" என்று பாட்டி கையை நீட்டியதுதான் தாங்கவில்லை. சக ஊழியரைக் கூப்பிட்டேன். அவருக்கு முதல் தடவையிலேயே கிடைத்தது.

அன்றே பயறு மாட்டுக்குப் போயிற்று. விரல்நுனியில் உணர்வு திரும்ப ஏழெட்டு வாரம் ஆனது. விரலைக் கடினமாக்குவது சிலருக்கு லாபமாக இருக்கலாம். என் சோறு அந்த விரலில் இருக்கிறது.

முட்டி விஷயத்திலும் வேலைதான் ஒரு எல்லை போட்டது. தோல் வெடித்த நாளில் பலகையைத் தொடுவதில்லை. நாள் முழுக்க ரத்தக் குழாய்களோடு இருப்பவனுக்குத் திறந்த காயம் விளையாட்டில்லை. பலர் குத்தும் பொதுப் பலகையிலும் இதே பயம் உண்டு, ஹெபடைடிஸ் பி காய்ந்த ரத்தத்திலும் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். எங்கள் மாஸ்டர் வளரும் பிள்ளைகளைப் பலகை பக்கமே விடுவதில்லை, அவர்களுக்கு எலும்பின் வளர்ச்சித் தட்டு இன்னும் மூடியிருக்காது.

பயறுக்குப் பதிலாக இப்போது ஊறுகாய் ஜாடி. கோஜு-ரியூவை நிறுவிய மியாகி சோஜுன் காலத்து வழக்கம்: ஜாடியில் மணல் நிரப்பி, வாயை ஐந்து விரலால் கவ்வித் தூக்கி நடப்பது. பிடி கூடியிருக்கிறது, உணர்வு போகவில்லை. நான் செய்ததிலேயே உருப்படியானது இதுதான் என்பேன்.

பலகையை விட்டுவிடவில்லை. கைக்கு 30 குத்து, முக்கால் பலம். குத்துப் பையில் குத்தும்போது மணிக்கட்டு மடங்குவது நின்றிருக்கிறது. காய்ப்பு கொஞ்சம் குறைந்தே இருக்கிறது.

போன ஞாயிறு பழைய பிரியை அவிழ்த்தோம். மாமா, மாசியில் கழற்றிப்போட்ட பிரியையும் திண்ணையிலிருந்து எடுத்துவந்து பக்கத்தில் வைத்தார். அதில் பள்ளம் சுண்டுவிரல் பக்கமாக இழுத்துக்கொண்டு போயிருந்தது. இதில் இரண்டு முட்டி அகலத்துக்கு ஒரே குழி. "இது பரவாயில்லடா" என்றபடி புது வைக்கோலை நனைக்கத் தண்ணீர் கேட்டார்.