தேய்ந்த மூட்டு வேறு, வலித்த மூட்டு வேறு: ஸ்பெக்ட்-சிடி ஸ்கேன் அனுபவம்

இரண்டு ஆண்டுகளாக எனது வலது பாதத்தின் நடுப்பகுதியில் வலி இருந்தது. நடக்க நடக்க அது கூடும். படி இறங்கும்போது குத்தும். வலிக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டச் சொன்னால், ஒவ்வொரு முறையும் வேறோர் இடத்தையே காட்டினேன். ஒரு பாதத்தில் 26 எலும்புகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதால், பக்கத்துப் பக்கத்து மூட்டுகளின் வலியைப் பிரித்துணர்வது கடினம் என்று எலும்பு மருத்துவர் கூறினார். எக்ஸ்ரேயில் மூன்று மூட்டுகளில் தேய்மானம் தெரிந்தது. எம்ஆர்ஐயிலோ பல எலும்புகளில் நீர்க்கோவை பரவியிருந்தது. ஊசி போடுவதானாலும் அறுவை செய்வதானாலும், மூன்றில் எது என்று முதலில் தெரிந்தாக வேண்டும். அதற்காகத்தான், கதிரியக்க மருந்தை ஊசியில் செலுத்தி, அது எலும்பில் எங்கே சேர்கிறது என்பதைக் காட்டும் முப்பரிமாணப் படத்தைச் சிடி படத்தோடு பொருத்திப் பார்க்கும் ஸ்பெக்ட்-சிடி ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

கதிரியக்க மருந்து என்றதும் பயந்தேன். டெக்னீசியம்-99எம் என்னும் அந்தப் பொருளின் அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம், 6 மணி நேரமே என்பதையும், எலும்பில் சேராத மருந்து சிறுநீரில் வெளியேறிவிடும் என்பதையும் பணியாளர் பொறுமையாக விளக்கிய பிறகே மனம் அமைதியடைந்தது. கருவுற்றிருப்பவர்களும் பாலூட்டுபவர்களும் இதை முன்கூட்டியே கட்டாயம் சொல்லிவிட வேண்டும்.

கையில் ஊசி போட்ட உடனேயே, பாதத்துக்குள் இரத்தம் பாய்வதை, மருந்திலிருந்து வரும் கதிர்களைப் பதிவுசெய்யும் காமா கேமராவில் படமெடுத்தார்கள். சில நிமிடங்களில் இன்னொரு படம். பிறகு மூன்று மணி நேரம் காத்திருப்பு. எலும்பு புதிதாகக் கட்டப்படும் இடங்களில் மருந்து படிவதற்கு அவ்வளவு நேரம் தேவை. அதற்குள் நிறையத் தண்ணீர் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழித்தேன். கடைசிப் படத்துக்குப் பாதங்களை அசையாமல் நாடாவால் கட்டினார்கள். கேமரா மெதுவாகச் சுற்றிவந்த அந்த நேரம்தான் எனக்குச் சிரமமாக இருந்தது, ஏனெனில் அசையக்கூடாது என்று நினைத்தாலே கால் துடிக்கிறது. அதே மேசையில், படுத்த நிலை மாறாமல், சிடி ஸ்கேன் சில நொடிகளில் முடிந்தது.

மருத்துவர் படங்களை வரிசையாகக் காட்டினார். காமா கேமராவின் தட்டைப் படத்தில் நடுப்பாதம் முழுவதும் ஒரே கரும்புள்ளியாக மங்கித் தெரிந்தது. அதை மட்டும் பார்த்து யாராலும் எந்த மூட்டு என்று சொல்லியிருக்க முடியாது. சிடியின் எலும்புக் கோடுகள்மீது முப்பரிமாணப் படத்தைப் பொருத்தியபோதுதான், இரண்டாவது விரலின் நீள் எலும்பு நடுப்பாதத்தோடு சேரும் சிறிய மூட்டு ஒன்று மட்டும் தீப்பொறிபோல் ஒளிர்ந்தது. எக்ஸ்ரேயில் மிக மோசமாகத் தேய்ந்திருந்த பக்கத்து மூட்டு ஏறக்குறைய மங்கலாகவே இருந்தது. நானும் அந்தப் பக்கத்து மூட்டைத்தான் இவ்வளவு காலம் குற்றவாளியாக எண்ணியிருந்தேன்.

ஆனால் ஒளிர்வதெல்லாம் வலிப்பதாகாது என்று அவர் அப்போதே எச்சரித்தார். எலும்பு முறிவோ அறுவையோ நடந்து பல மாதங்கள் ஆன பின்பும் அந்த இடம் மருந்தை ஈர்க்கலாமாம். ஆகவே அடுத்த வாரம், எக்ஸ்ரே திரையில் பார்த்தபடி, அந்த ஒரு மூட்டுக்குள் மட்டும் மரத்துப்போகும் மருந்தைச் செலுத்தினார். சிறிது நேரத்தில், பின்னால் யாரும் பிடித்துக்கொள்ளாமல், மருத்துவமனைப் படிகளில் இறங்கிப் பார்த்தேன், குத்தவில்லை. மருந்தின் வீரியம் தீர்ந்த மாலையில் வலி பழைய இடத்துக்கே திரும்பியது. இப்போது வளையாத அடிப்பகுதி கொண்ட காலணி அணிகிறேன். அது போதவில்லையெனில் அந்த ஒரு மூட்டை மட்டும் இணைக்கும் அறுவை செய்வதென்று முடிவாகியிருக்கிறது.