ஊர் திரும்பும் கவிதை: ஏற்காட்டுப் பாதையில் ஒரு வரைவு

முதல் வரைவு 46 வரி. அடிவாரம், குரங்குகள், 20 கொண்டை ஊசி வளைவுகள், ஏரி, பழைய வீடு, திண்ணை, அம்மா, எல்லாமே இருந்தன. இப்போது 17 வரி. வீடு, திண்ணை, அம்மா மூன்றையும் எடுத்தாயிற்று.

ஊர் திரும்பும் கவிதை பெரும்பாலும் வாசற்படியில்தான் சாகிறது. வீட்டைத் தொட்டதும் கண்ணீர் தானாக வந்துவிடும்; அதற்குமேல் கவிதைக்கு வேலை இல்லை. சங்க முல்லைப் பாட்டுகளில் போர் முடித்துத் திரும்பும் தலைவன் பாகனை விரட்டுவான், தேர் வீடு சேருமுன்பே பாட்டு முடிந்துவிடுவதும் உண்டு. அந்த முறை இன்றைக்கும் கைகொடுக்கிறது.

நவீனக் கவிதையில் ஊர் காத்திருக்கும் என்பதே நிச்சயம் இல்லை. பாலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷ் பிறந்த அல்-பிர்வா கிராமம் 1948இல் அழிக்கப்பட்டது. 1996இல் ராமல்லாவுக்கு வந்தும் அந்த ஊருக்கு அவரால் திரும்ப முடியவில்லை. அந்தத் துயரத்தை ஏற்காட்டுக்குக் கடன் வாங்கக் கூடாது. இங்கே ஊர் இருக்கிறது, வந்தவர்தான் விருந்தாளி ஆகிவிட்டார். அதற்கு இந்த வரிகளே போதும்:

எட்டாவது வளைவில்
காது அடைக்க
பக்கத்து சீட்டுக்காரர் கேட்கிறார்
எப்ப வந்தீங்க
பதினொன்றில்
எப்பக் கிளம்புறீங்க

இருபது வளைவையும் வரிசையாக எண்ணினால் பாதியிலேயே சலித்துவிடும். இரண்டு எண் போதும், பஸ் ஏறிக்கொண்டே இருப்பது தெரிந்துவிடுகிறது.

அடுத்த கோளாறு வினைமுற்று. பார்த்தேன், நின்றேன், அழுதேன் என்று வரிதோறும் முடிந்தால் வேண்டாத இயைபு விழுந்து ஒப்பாரி ஆகிவிடும். 'பார்த்து', 'நின்று' என எச்சமாக்கித் தொங்கவிட்டால் வரி அடுத்த வளைவுக்கு ஓடும்.

பருவத்தையும் சரிபார்க்க வேண்டும். பழைய வரைவில் ஒரே பத்தியில் காப்பிப் பூவும் சிவந்த பழமும். பூ, கோடையின் முதல் நல்ல மழைக்குப் பத்து நாள் கழித்துக் கிளை முழுக்க வெள்ளையாக விரியும், மல்லிகைபோல மணக்கும், நாலு நாளில் வாடிவிடும். பழம் பறிப்பு கார்த்திகை, மார்கழியில். மலைக்காரர்கள் முதல் வாசிப்பிலேயே பிடித்துவிடுவார்கள். மார்கழியை வைத்துக்கொண்டு பூவை நீக்கியாயிற்று. சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக்கொடி எந்த மாதத்துக்கும் பொருந்தும், அது இருக்கட்டும்.

கடைசி வரி இன்னும் அமையவில்லை. இரண்டாவது கேள்விக்குப் பதில் வைத்தால் கதையாகிறது. வெறுமனே விட்டால் அறுந்ததுபோல் இருக்கிறது. அடுத்து, கேள்வியை நடத்துனர் வாயில் வைத்துப் பார்க்க வேண்டும்.