250 கிராமும் எங்கள் ஊர்க் கொடையும்

250 கிராமுக்குக் கீழே இருக்கும் ட்ரோனுக்குச் சட்டமே கிடையாது என்று கடையில் சொன்னார்கள். யூடியூபிலும் அதையே சொன்னார்கள். அதை நம்பியதால் எனக்கு மூன்று நாள் லீவு போயிற்று. இன்னொருவருக்கு அப்படிப் போக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சேரன்மகாதேவி பக்கம் அம்மா ஊர். வைகாசி கடைசிச் செவ்வாய் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. முளைப்பாரி ஊர்வலத்தை மேலிருந்து எடுத்துத் தருகிறேன் என்று மாமாவிடம் சொல்லியிருந்தேன். மாமா கொடைக் கமிட்டியில் இருக்கிறார், ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். ட்ரோன் இந்தியத் தயாரிப்பு. பதிவு எண் ஆன்லைனிலேயே வாங்கியாயிற்று, கட்டணம் 100 ரூபாய். பழைய வீடியோக்களில் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் பதியச் சொல்வார்கள். அந்தப் பதிவு வேலை இப்போது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் இ-ஜிசிஏ தளத்துக்கு மாறிவிட்டது, அங்கே போங்கள்.

கொடைக்குப் பத்து நாள் இருக்கும்போது இறக்கைக்குக் காப்பு வாங்கி மாட்டினேன். ஊர்வலம் என்றால் பிள்ளைகள் ட்ரோனைப் பார்த்து ஓடி வருவார்கள், சுற்றுகிற இறக்கை பட்டால் முகம் கிழிந்துவிடும் என்ற பயம். மாட்டிய பிறகு தூக்கிப் பார்த்தால் கை வித்தியாசம் சொன்னது. தெருமுனை நகைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். ஆசாரி கண்ணாடிக் கூண்டைத் திறந்து, தராசுத் தட்டில் ஒரு காகிதம் விரித்து, எண்ணை பூஜ்யமாக்கிவிட்டு ட்ரோனை வைத்தார். 283 கிராம். காப்பைக் கழற்றிவிட்டு வைத்தால் 247.

ஆள் பத்திரமாக இருக்கட்டும் என்று மாட்டிய பிளாஸ்டிக், வண்டியை வேறு வகுப்புக்கே தள்ளிவிட்டது. 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. பேட்டரி, காப்பு, ஃபில்டர் என்று பறக்கும்போது மேலே இருக்கும் எல்லாம் சேர்ந்த எடைதான் கணக்கு, பெட்டியில் அச்சடித்த எடை அல்ல. மைக்ரோ என்றால் அந்த மாடலுக்கு டைப் சர்டிபிகேட், அதாவது மாடலைச் சோதித்துக் கொடுக்கும் அரசுச் சான்று, இருக்க வேண்டும், மூன்றாம் நபர் காப்பீடும் வேண்டும். பொழுதுபோக்குக்காகப் பறக்க விடுபவருக்கு பைலட் சான்றிதழ் மட்டும் இரண்டு வகுப்பிலும் தேவையில்லை.

காப்பைக் கழற்றினால் நானோ. ஆனால் காப்பில்லாமல் ஆட்கள் தலைக்கு மேல் எப்படி விடுவது? எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று இரண்டு ராத்திரி தேடினேன். தமிழ் வீடியோ ஒன்றில் 50 மீட்டர் என்று அடித்துச் சொல்கிறார், அது பிரிட்டன் விதி. இன்னொருவர் 150 மீட்டர் என்கிறார், அது ஐரோப்பாவில் கனமான ட்ரோன்களைக் குடியிருப்புகளிலிருந்து தள்ளி வைப்பதற்கான கணக்கு. நம் விதிகளைத் திறந்து படித்தால் ஆளுக்கும் ட்ரோனுக்கும் இடையே இத்தனை மீட்டர் என்ற எண்ணையே காணோம். மனிதருக்கோ சொத்துக்கோ ஆபத்து வரும்படி இயக்கக் கூடாது என்றிருக்கிறது. மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். இது நானோவுக்கும் சேர்த்துத்தான். 'எண் இல்லையே, அப்போ விடலாம்' என்று இதைப் படிக்காதீர்கள். ஒரு குழந்தைக்கு அடிபட்டால் முழுப் பொறுப்பும் ரிமோட் பிடித்தவன் தலையில்தான்.

அப்புறம் அலைச்சல். காவல் நிலையத்தில் தகவல் கொடுப்போம் என்று போனேன். "இதெல்லாம் நாங்க பாக்கது இல்ல தம்பி, பெரிய ஆபீஸ்ல கேளுங்க" என்றார் எழுத்தர். பெரிய ஆபீசில் இன்னொரு ஆபீசைக் காட்டினார்கள். அங்கே, மனு என்றால் திங்கட்கிழமை வாருங்கள் என்றார்கள். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கே வரிசையில் நின்று, பன்னிரண்டரைக்கு என் முறை வந்தால், "கோயில் கமிட்டி லெட்டர் எங்கே?" அதை முதல் நாளே ஒருவர் சொல்லியிருந்தால் எனக்கு இரண்டு நாள் மிச்சம். வெயிலில் வெளியே வந்து நின்றபோது அழுகையே வந்துவிட்டது.

கடைசியில் வேலை முடிந்தது அதே காவல் நிலையத்தில்தான். வேறொரு ஏட்டையா இருந்தார். கமிட்டி லெட்டர், ஆதார் நகல், ட்ரோன் பில், பதிவு எண், எங்கிருந்து கிளப்பி எங்கே இறக்குவேன் என்று கையால் வரைந்த படம், இவ்வளவும் கொடுத்தேன். படத்தைத்தான் வெகுநேரம் பார்த்தார். "ஆளுங்க மேல போகாதுல்லா?" என்றார். "போகாது ஏட்டையா, குளத்துக்கரைப் பக்கமிருந்துதான்" என்றேன். நகலில் சீல் வைத்துக் கொடுத்தார். நீங்களும் போனால் படம் வரைந்துகொண்டு போங்கள், பத்து நிமிடப் பேச்சு மிச்சமாகும்.

டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் எங்கள் ஊர் பச்சை மண்டலம், முன் அனுமதி இல்லாமலே 400 அடி வரை போகலாம். வாகைக்குளத்தில் இருக்கும் தூத்துக்குடி விமான நிலையத்திலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு 200 அடிதான். கூடங்குளம் அணுமின் நிலையம், விஜயநாராயணம் கடற்படைத் தளம், மகேந்திரகிரி இஸ்ரோ மையம், இவற்றுக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் வரைபடம் பார்க்காமல் பெட்டியைக்கூடத் திறக்காதீர்கள். களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நினைக்கவே வேண்டாம். பச்சை என்று ஒரு தடவை பார்த்ததோடும் விடாதீர்கள். எஸ்.பி. அந்தஸ்தில் உள்ள அதிகாரி ஓர் இடத்தை ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்க முடியும். கொடையன்று விடிகாலையிலும் நான் ஒரு முறை பார்த்துக்கொண்டேன்.

கோயில் முன்னால் கிளப்பலாம் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். மைக் செட் ஸ்பீக்கர் அடுக்குப் பக்கத்தில் வைத்ததுமே திசைகாட்டி எச்சரிக்கை வந்தது. அந்தப் பெரிய காந்தங்களின் வேலை. பந்தல் கயிறு, சீரியல் விளக்கு ஒயர் வேறு. நையாண்டி மேளம் அடிக்கும்போது ட்ரோன் சத்தம் ஒருவருக்கும் கேட்காது, ஒதுங்கவே மாட்டார்கள். இதையும் கணக்கில் வையுங்கள்.

காப்பைக் கழற்றிவிட்டுக் குளத்துக்கரைக்குப் போனேன். சித்தி மகனைப் பக்கத்தில் நிறுத்தி, பிள்ளைகள் வந்தால் தடுக்கச் சொன்னேன். தொடர்பு அறுந்தால் ட்ரோன் தானாகத் திரும்பி வரும் உயரத்தைப் பனைமரங்களுக்கு மேல் வைத்தேன். வைகாசிக் கடைசியில் மலைக்காற்று கிளம்பிவிடும், 247 கிராம் அதற்குத் தாங்காது. அதனால் காற்றை எதிர்த்துப் போய், காற்றோடு திரும்பும்படி எடுத்தேன். வயலுக்கு மேலேயே நின்று, தெருவைச் சாய்வாகப் பார்த்து நான்கு நிமிடம். ஒரு தலைக்கு மேலும் போகவில்லை. பச்சையாக முளைப்பாரி வரிசை தெருவில் வளைந்து வருவது அந்தக் கோணத்தில்தான் முழுசாகத் தெரிந்தது. நேர் மேலிருந்து எடுத்திருந்தால் வெறும் புள்ளிகளாகத்தான் இருந்திருக்கும்.

சாமக்கொடைக்கும் விடச் சொன்னார் மாமா. இருட்டில் ஒயர் தெரியாது, சாமியாடி எந்தப் பக்கம் ஓடுவார் என்றும் தெரியாது, முடியாது மாமா என்றேன். "ஏலே, கல்யாண வீட்டுல எல்லாம் தலைக்கு மேல விடுதானுவ, ஒனக்கு மட்டும் என்னடே சட்டம்?" என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் மத்தியானம் சாப்பாட்டுப் பந்தியில்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, போனை நீட்டி, "அந்த முளைப்பாரிய எனக்கு அனுப்பு" என்றார்.