அடம்பிடிக்கும் பிள்ளையும் பெற்றோருக்கான பயிற்சியும்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரமாக உள்ள கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளை சொல்பேச்சு கேட்கவில்லை என்றால் முதலில் மந்திரித்துக் கயிறு கட்டுவார்கள். பாலக்காட்டுக்கோ கோயம்புத்தூருக்கோ அழைத்துச் செல்வது கடைசியில்தான். அங்கே உளவியலாளர், பிள்ளையைக் காட்டிலும் பெற்றோருக்கே பயிற்சி தேவை என்று சொல்லும்போது பலருக்கு அது அவமானமாகப் படுகிறது. என் தங்கைக்கும் அப்படித்தான் பட்டது. ஆறு வயதான அவள் மகன் கேட்டது கிடைக்கும்வரை கத்துவான், கையில் அகப்பட்டதை விட்டெறிவான். பொள்ளாச்சியில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்ட அவளுக்கு மலையாளம் சரளமாக வராது என்பதால் அமர்வுகளுக்கு நானும் உடன் சென்றேன்.

இந்தப் பயிற்சியின் வேர் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் இருக்கிறது. அங்கே உளவியலாளர் ஜெரால்டு பேட்டர்சனும் அவருடைய குழுவினரும் வீடுகளுக்கே சென்று, தாயும் பிள்ளையும் மோதிக்கொள்வதை உற்றுக் கவனித்துப் பதிவு செய்தார்கள். தாய் டிவியை நிறுத்தச் சொல்கிறாள், பிள்ளை கத்துகிறான், அவள் விட்டுக்கொடுக்கிறாள், கத்தல் நின்றுவிடுகிறது. கத்தினால் காரியம் நடக்கும் என்று பிள்ளையும், விட்டுக்கொடுத்தால் நிம்மதி கிடைக்கும் என்று தாயும் ஒரே நேரத்தில் கற்றுக்கொள்கிறார்கள். அடித்து அடக்கும் நாளில் அடியும் அதே வழியில் பழக்கமாகிவிடுகிறது.

அமெரிக்க உளவியலாளர் ஷீலா ஐபெர்க் உருவாக்கிய பெற்றோர் பயிற்சி முறை இரண்டு முதல் ஏழு வயதுக் குழந்தைகளுக்கானது. அதில் பயிற்சியாளர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்துகொண்டு, தாயின் காதில் பொருத்திய கருவி வழியே அவ்வப்போது சொல்லித் தருவார். நாங்கள் சென்ற இடத்தில் அந்த வசதி கிடையாது. பயிற்சியாளர் தங்கையின் பின்னால் ஒரு ஸ்டூலில் அமர்ந்துகொண்டார். தினமும் ஐந்து நிமிடம் பிள்ளையின் போக்கில் விளையாட வேண்டும். கட்டளை, கேள்வி, குறை மூன்றும் கூடாது. கேட்பதற்கு எளிதுதான். ஆனால் அவன் கட்டைகளை அடுக்கத் தொடங்கியதுமே, "இது என்ன கலர்? இதை ஏன் இங்க வெச்சே?" என்று கேள்விகள் அவள் வாயில் தாமாக வந்தன. ஆசிரியையான என்னாலும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருக்க முடிந்தது.

பாராட்டுவது அதைவிடக் கடினமாக இருந்தது. பிள்ளையை வாய்விட்டுப் புகழ்ந்தால் கண்பட்டுவிடும் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். பிள்ளையைப் புகழ வேண்டாம், அவன் செய்த செயலைச் சொன்னால் போதும் என்றார் பயிற்சியாளர். "கட்டையையெல்லாம் பெட்டியில எடுத்து வெச்சுட்டயே, ரொம்ப நல்லது" என்பதில் அவனுடைய அப்பத்தாவுக்கும் ஆட்சேபம் இருக்கவில்லை.

கட்டளை அடுத்த கட்டம். "ஒழுங்கா இருடா" என்பதில் பிள்ளை செய்வதற்கு எதுவும் இல்லை. "செருப்பை ஸ்டாண்டில் வை" என்பதில் இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சொல்லி, ஐந்து நொடி பேசாமல் காத்திருக்க வேண்டும். கேட்காவிட்டால் எச்சரிக்கை, அதன் பிறகும் கேட்காவிட்டால் நாற்காலியில் மூன்று நிமிடம். இருட்டறையில் அடைப்பது இதில் சேராது.

கூட்டுக் குடும்பத்தில் பயிற்சி சறுக்கும் இடம் இதற்குப் பிறகு வருகிறது. அடத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் இந்தப் பயிற்சியில் உண்டு. அப்படி விடத் தொடங்கியதும் அடம் குறைவதற்கு முன்பு சில நாள் கூடும். அந்த நேரத்தில் யாராவது ஒருவர் இறங்கிவந்துவிட்டால், இன்னும் பலமாகக் கத்த வேண்டும் என்பதே பிள்ளைக்குப் பாடமாகிறது. தங்கை வீட்டில் இறங்கிவந்தது அப்பத்தாவின் முறுக்கு டப்பா. "அழுகுற பிள்ளைக்கு ஒண்ணு குடுத்தா என்ன கொறஞ்சு போயிரும்?" என்று கேட்ட அவரையும் பயிற்சியாளர் வரவழைத்தார். முறுக்கை அவர் தடுக்கவில்லை. அழுகை நின்று, பிள்ளை அருகில் வந்து உட்கார்ந்த பிறகு அப்பத்தா கையாலேயே கொடுக்கட்டும் என்று மட்டும் சொன்னார். கொடுக்கும் உரிமை தன்னிடமே இருந்ததால் அப்பத்தா அதற்கு உடன்பட்டார்.

எல்லா அடத்துக்கும் இதுவே மருந்து என்று நான் சொல்லமாட்டேன். காது சரியாகக் கேட்கிறதா, பேச்சு வயதுக்கு ஏற்ப வந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் உள்ள நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குக்கூட மாத்திரைக்கு முன்பு பெற்றோர் பயிற்சியையே அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கழகம் பரிந்துரைக்கிறது.

எனக்குள்ள மனக்குறை வேறு. எல்லையோரத்தில் இத்தனை தமிழ்க் குடும்பங்கள் இருந்தும், எங்களுக்குத் தந்த கையேட்டில் ஒரு வரிகூடத் தமிழில் இல்லை. இரவில் நான் அதைப் படித்துச் சொல்ல, தங்கை நோட்டில் எழுதிக்கொண்டாள். அமர்வுகளுக்குப் பெரும்பாலும் தாய்மார்களே வருகிறார்கள். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் தங்கையின் கணவர், அந்த நோட்டை ஞாயிற்றுக்கிழமைகளில்தான் படிக்கிறார்.